‘என்ர’ என்றொரு கூப்பாடு

ஜோ மைதானத்தின் நடுவால் நடந்து என்னிடம் வந்தார். ஓரமாகச் சுற்றி வந்திருக்கலாம். சேறு அவ்வளவு இருந்தது. சுற்றி வர அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

வியாழக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. ஆக்லாந்தின் குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கே பகல் கடையைக் கட்டத் தொடங்கிவிடும். வேலிக்கு அப்பால் மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் ரயில் நின்று, ஒரு மூச்சு விட்டு, புறப்பட்டது. நனைந்த புல்லின் வாசனை. ரப்பர் வாசனை. யாரோ முழங்காலில் தடவிய தைலத்தின் வாசனை.

ஜோ அந்தக் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை; பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமைக் கோச். நான் அவருக்குக் கீழே, கோல் கீப்பர்களுக்கு மட்டும் கோச். அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். இரண்டு முதல் பதினொன்று வரை பெயர்கள் எழுதியிருந்தன. ஒன்றுக்கு நேரே வெறுமை.

“சனிக்கிழமைக்கு யார், ரகு?”

அவர் பேசியது ஆங்கிலம். நினைவில் எனக்கு எல்லோரும் தமிழில்தான் பேசுகிறார்கள், என்ன செய்வது.

சனிக்கிழமை அரையிறுதி. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெலே, தாரணி. இருவருக்கும் பதினேழு வயது. இருவருக்கும் கல்லூரியில் கடைசி வருடம். அவர்கள் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. பந்து மட்டும் நிற்கவில்லை. டப். டப். டப்.

“ஆறு மணிக்குச் சொல்கிறேன்” என்றேன்.

“ஆறு மணி. ஆறரைக்கு அணியின் வாட்ஸ்அப்பில் போடுவேன். நீ சொல்கிற பெயரைத்தான் போடுவேன், ரகு. இவர்களை உனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.”

அந்த ஒரு மணி நேரத்தையும் அதன் பிறகு வந்த சனிக்கிழமையையும் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. இந்தத் தொடரில் இதுவரை கூட வந்தவர்களுக்கு அது பழகியிருக்கும்.

புரொபசர் சார்

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். அரைக் காற்சட்டையோடு உள்ளே போய் மீசையோடு வெளியே வந்தோம். நியூசிலாந்திலும் காலேஜ் என்றால் பதின்மூன்று வயதில் போய்ச் சேரும் பள்ளிக்கூடம். நாடு மாறி, வேலை மாறி, உண்ணும் அரிசி மாறி, இந்த ஒரு சொல்லில் மட்டும் நான் இடம்பெயரவேயில்லை.

பக்கத்து வீட்டு செந்திலுக்கு அப்படியில்லை. அவர் திருச்சிக்காரர். கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் விடிகாலை நான் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போகும்போது மறித்துக்கொண்டார்.

“என்ன சார், காலேஜ்ல இருக்கேன்னு சொல்லவே இல்ல. ஏதோ பெயிண்ட் ஃபேக்டரின்னுல்ல நெனச்சுட்டிருந்தோம்.”

“ரெண்டும்தான் செந்தில். காலமை பெயிண்ட், பின்னேரம் காலேஜ்.”

“எந்த டிபார்ட்மெண்ட் சார்?”

“கோல்.”

“கோலா?” அவர் முகத்தில் மரியாதை ஏறியது. “நிலக்கரி. மைனிங் இஞ்சினியரிங். இப்பல்லாம் யாருமே எடுக்கிறதில்ல, இல்ல சார்?”

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். அந்தத் தலையாட்டலின் பலன், மறுவாரம் அவருடைய தம்பி மகளின் மதிப்பெண் பட்டியல் என் வாசலுக்கு வந்தது. உண்மையைச் சொன்னபோது அவர் மனைவி சிரித்த சிரிப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலி ஆடியது. செந்தில் மட்டும் கடைசிவரை மாறவில்லை. “இருக்கட்டும் சார், கூப்பிட்டுப் பழகிருச்சு” என்றார். இன்றும் நான் அவருக்குப் புரொபசர் சார்.

வேலிக்கு வெளியே

பெயிண்ட் தொழிற்சாலை ஒனிஹங்காவில். நான் அங்கே வெள்ளை கலப்பவன். வெள்ளை ஒன்றுதான் என்று நினைத்திருந்தவனுக்கு, பால் வெள்ளை, மூடுபனி வெள்ளை, பழைய எலும்பு வெள்ளை என்று இந்த ஊர் மரவீடுகள் கற்றுத்தந்தன. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு விடுவார்கள். ரயிலேறி, இடையில் மாறி, மவுண்ட் ஆல்பர்ட்டில் இறங்கி, கல்லூரி வேலியோரமாக வீட்டுக்கு நடப்பேன்.

ஒரு நாள் வேலிக்குள் ஒரு கீப்பர் பெண் பந்தைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகள் தனித்தனியே நின்றன. பந்து நடுவால் புகுந்து நெஞ்சில் மோதியது. என்னால் தாங்க முடியவில்லை.

“கட்டைவிரல் ரெண்டையும் சேர்” என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். “இரண்டு கையாலும் பிடி. ஒற்றைக் கையை நம்பாதே.”

சேர்த்தாள். பந்து ஒட்டிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நடந்துவிட்டேன்.

மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் ஜோ வேலியருகே வந்தார். ஒரு கையில் போன்.

“இங்கே உங்கள் பிள்ளை படிக்கிறதா?”

“இல்லை.”

“பிறகு?”

அப்போதுதான் நான் எப்படித் தெரிகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பெயிண்ட் தெறித்த ஜாக்கெட், வேலி, உள்ளே பெண் பிள்ளைகள்.

“நான் கீப்பர்” என்றேன். “யாழ்ப்பாணத்தில். காலேஜுக்கு.”

ஜோ என் கைகளைப் பார்த்தார். கீப்பர்களின் விரல்களில் ஒன்றாவது கோணலாக இருக்கும். எனக்கு இரண்டு. போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அப்படியென்றால் வாசலால் வாருங்கள். முதலில் அலுவலகம். அங்கே போலீஸ் சரிபார்ப்புக்கு ஒரு படிவம் தருவார்கள்.”

படிவம் திரும்பி வரச் சில வாரங்கள் எடுத்தது. அதுவரை நான் வேறு தெருவால் வீட்டுக்குப் போனேன். வந்த பிறகு பதினைந்து குளிர்காலம் அந்த வாசலால் போனேன். முழங்கால் போதும் என்று சொல்லும்வரை.

ஒரு இடம்

தலைமைக் கோச்சுக்குப் பதினொரு இடம். தற்காப்பைப் பார்க்கிறவருக்கு நாலு. எனக்கு ஒன்று.

வருடம் தொடங்கும்போது இரண்டு பேர் வருவார்கள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே சேறு, ஒரே திட்டு. இருவர் விரலுக்கும் நானே பிளாஸ்டர் சுற்றுவேன். சனிக்கிழமை வந்தால் ஒருத்தியை உள்ளே அனுப்பிவிட்டு மற்றவளை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். பக்கத்தில் நிற்பவளோடு கதைப்பதுதான் கோச்சின் வேலையில் கடினமானது. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதானே.

மெலே ஒனிஹங்காக்காரி. சமோவாக் குடும்பம். சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசை. அவள் “குட் ஆஃப்டர்நூன், சேர்” என்றால் ஸ்டேஷனில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கைகள் சுமார்.

தாரணி ஹில்ஸ்பரோவிலிருந்து வருவாள். அவளுடைய தாய் வசந்தியோடு கோயிலில் எனக்குப் பல வருடப் பழக்கம். முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். தாரணியின் கைகளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சரியான வசனம் அகப்படவில்லை. மெலே பிடித்தால் பந்து சத்தமிடும். தாரணி பிடித்தால் பந்து தூங்கிவிடும்.

தாரணியும் அப்படித்தான், சத்தமில்லாதவள்.

அந்த சீசன் முழுக்க இருவரையும் வாரம் மாற்றி வாரம் இறக்கினேன். அரையிறுதியில் அது முடியாது. அங்கே நிற்பவள்தான் வென்றால் இறுதியிலும் நிற்பாள். மற்றவளுக்குக் கல்லூரி ஆட்டம் அதோடு சரி.

அந்தச் சொல்

பெனால்டி எல்லையில் உயரப் பந்து வரும்போது கீப்பர் கத்த வேண்டும். இல்லாவிட்டால் தன் ஆட்களே முட்டிமோதி விழுவார்கள். கத்துவதற்கும் ஒரு நெளிவுசுளிவு உண்டு. வெறுமனே ‘மைன்’ என்று ஆங்கிலத்தில் கத்தினால் சில நடுவர்கள் விசில் ஊதிவிடுவார்கள். எதிரணியும் தன் ஆள்தான் கத்துகிறாள் என்று ஏமாறலாம் என்பது அவர்கள் நியாயம். அதனால் பள்ளிக்கூட மைதானங்களில் பெயர் சொல்லிக் கத்து என்பார்கள். அல்லது ‘கீப்பர்ஸ்’. அது காற்றில் நிற்காத சொல். பாதியிலேயே வாய் மூடிக்கொள்கிறது.

ஒரு நாள் செய்துகாட்டுவதற்காக நானே கோலில் நின்றேன். மூலையிலிருந்து பந்து மிதந்து வந்தது. நாலு பெண்கள் அதன் மேல். அந்த நொடியில் எனக்கு ஆங்கிலம் விட்டுப்போயிற்று. முப்பது வருடத்துக்கு முந்திய தொண்டை ஒன்று திறந்துகொண்டது.

“என்ர.”

நாலு பேரும் நடுவழியில் உறைந்தார்கள். பந்து என் கைக்கு வந்தது.

“சேர், என்ன அது?” என்றாள் மெலே.

“என்னுடையது என்று அர்த்தம்.”

“தமிழில் எல்லோரும் அப்படியா சொல்வார்கள்?”

“யாழ்ப்பாணத்தில். இந்தியாவில் ‘என்னோடது’ என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடும்.”

மெலே அன்றே அதை எடுத்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து வரும் அவளுடைய ‘என்ர’வைக் கேட்டால் என் பாட்டனார்கூட எழுந்து வந்து கைகொடுத்திருப்பார். தாரணிதான் மாட்டேன் என்றாள்.

“அங்கிள், அது அம்மா போனில் கத்துற மாதிரி இருக்கு.” இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வீட்டில் அம்மா தமிழில் கேட்பாள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே பிறந்த அனேகம் பிள்ளைகளைப்போல. அவள் ‘கீப்பர்ஸ்’ என்றுதான் சொல்வாள். பக்கத்து மேசையில் பென்சில் இரவல் கேட்கும் குரலில்.

சீசன் தொடக்கத்தில் ஓர் ஆட்டம். உயரமான, மீசை நரைத்த நடுவர். வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மெலே கத்திப் பந்தைப் பிடித்ததும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“நீ கத்தியது என்ன, பெண்ணே? அது பெயரா?”

மெலே கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ஆமாம், சேர். என் பெயர். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.”

“என்ரா” என்று அவர் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். “அழகான பெயர்.” ஆட்டம் தொடர்ந்தது.

நான் சிரிப்பை ஜாக்கெட்டின் கழுத்துக்குள் ஒளித்துக்கொண்டேன். அதன்பின் எந்த மைதானத்தில் கண்டாலும் அந்த மனிதர் தொப்பியைத் தொட்டு, “காலை வணக்கம், என்ரா” என்பார்.

ஜெகனின் விரல்

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

‘யாழ்ப்பாணத்தில் நான் காலேஜுக்குக் கீப்பர்’ என்று ஜோவிடம் சொன்னேனே, அது அரை உண்மை. நான் இரண்டாவது கீப்பர். முதலாவது ஜெகன். மூன்று சீசன் நான் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவனுடைய தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு பெரிய ஆட்டத்துக்கு முதல் நாள் ஜெகனுக்குச் சுண்டுவிரல் மடங்கி வீங்கிவிட்டது. எனக்கு மட்டும் காட்டினான். “ஸ்போர்ட்ஸ் மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதையடா, மச்சான்” என்றான். பக்கத்து விரலோடு சேர்த்து நூலால் சுற்றிக் கட்டச் சொன்னான். கட்டிவிட்டேன்.

கட்டிவிட்டு மாஸ்டரிடம் போனேன்.

அணியின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றுதான் தொடங்கினேன். என் குரல் எவ்வளவு யோக்கியமாக இருந்தது என்பது இன்றும் காதில் நிற்கிறது. மறுநாள் நான் கோலில் நின்றேன். நாலு பந்து உள்ளே போயிற்று. ஜெகன் கம்பத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து என்னுடைய தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டான்.

காட்டிக்கொடுப்பது என்ற சொல்லின் கனம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பெரிய விஷயம் எதிலும் செய்யவில்லை. ஒரு சுண்டுவிரலில் செய்தேன்.

ஆறு மணி

வியாழன் பின்னேரத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு வசந்தியின் போன்.

“ரகு அண்ணை, சுகமா இருக்கிறியளோ?”

“ஓம் வசந்தி, இருக்கிறன்.”

“சனிக்கிழமை ஆர் எண்டு நீங்கள்தான் சொல்லுவியளாம்.”

“ஓம்.”

“நான் ஒண்டும் கேக்கேல்லை. கேக்கவும் கூடாது. ஆனா அவளுக்கு இது கடைசி வருசம். அஞ்சு வருசமா மழைக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்கிறன். நீங்கள் எங்கட ஆள்.”

“மெலேக்கும் கடைசி வருசம்தான், தங்கச்சி.”

அவள் பக்கத்தில் குக்கர் ஒன்று கூவியது.

“அது எனக்கும் தெரியும் அண்ணை. நான் தாய். ஒரு பக்கம்தான் கதைக்கலாம்.”

போனை வைத்துவிட்டு வானிலையைப் பார்த்தேன். சனிக்கிழமை தென்மேற்குக் காற்று, பலமாக. மனுகாவு குடாவிலிருந்து நேரே வரும் காற்று. அந்தக் காற்றில் பந்து எங்கே இறங்கும் என்று பந்துக்கே தெரியாது. கைகளைவிடக் குரல் வேண்டும். குரல் இல்லாத கீப்பரின் முன்னால் நாலு பேரும் நாலு பக்கம் ஓடுவார்கள்.

இதெல்லாம் உண்மை. உண்மையாக இருந்தும் வெங்காயத்தை வெட்டி முடிக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு ஜோவை அழைத்தேன்.

“மெலே.”

“காரணம்?”

“சத்தம்.”

ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. கீழே முதலாவதாக ஒரு கட்டைவிரல் வந்து நின்றது. தாரணி போட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் வசந்தி என்னைக் கண்டாள். கண்டுவிட்டு, நேராகவே இருந்த சேலைத்தலைப்பை மறுபடி நேராக்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

சனிக்கிழமை

காற்று சொன்னபடி வந்தது. மழையையும் கூட்டிக்கொண்டு. ஹில்ஸ்பரோப் பக்கத்து மைதானம், இரண்டு அணிக்கும் சொந்தமில்லாதது. தூரத்தில் கார் நிறுத்துமிடத்தில் பெற்றோர்களின் குடைகள். நடுவர், அதே நரைத்த மீசைக் கணக்கு வாத்தியார்.

“நித்திரை கொண்டாயா?” என்று மெலேயைக் கேட்டேன்.

தலையை ஆட்டினாள்.

“சாப்பிட்டாயா?”

ஆட்டினாள். மெலே தலையாட்டுகிற பிள்ளை அல்ல.

“கத்திக்காட்டு.”

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும். வெள்ளிக்கிழமை முழுக்க சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. குரல் அங்கேயே தங்கிவிட்டது. உதடுகள் மட்டும் அசைந்தன. ப்ளீஸ், சேர்.

பக்கத்தில் தாரணி பந்தோடு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தாள். இருபது அடி தள்ளி ஜோ நடுவரோடு பேசிக்கொண்டிருந்தார். தாரணி அந்த இருபது அடியைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஒரு வசனம் போதும். பொய்யும் இல்லை. அணியின் நன்மைக்காக என்று தொடங்கலாம்.

நானும் அந்த இருபது அடியைப் பார்த்தேன். கோச் நான். போய்ச் சொல்ல வேண்டியது என் கடமை. குரலுக்காக ஒருத்தியைத் தேர்ந்தேன், குரல் இல்லை, மாற்று. இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. என் கால் அசையவில்லை. முப்பது வருடம் முன்பு நூலால் கட்டிய ஒரு விரல் என் சட்டையைப் பிடித்திழுத்தது. அது கருணை என்று யாரும் எண்ண வேண்டாம். பயம்தான். மறுபடி அந்த யோக்கியக் குரலில் பேச எனக்குப் பயம்.

தாரணி பந்தை மெலேயிடம் எறிந்தாள். “வா,” என்றாள், “கை சூடாகட்டும்.”

முதல் பாதியில் காற்று எங்கள் பக்கம். பந்து எங்கள் கோலுக்கு வரவேயில்லை என்று சொல்லலாம். ஒரு கோல் போட்டோம். இடைவேளையில் தோடம்பழத் துண்டு தின்னும்போது தாரணியைக் காணவில்லை. அவள் ஏற்கெனவே மைதானத்தின் மறுகரைக்கு நடந்துபோய், மெலே நிற்கப்போகும் கோலுக்குப் பின்னால் நின்றாள். பந்து பொறுக்கிப் போட வந்தவள்போல. கையுறை இரண்டையும் மாட்டியிருந்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் அது வந்தது. இடது கரையிலிருந்து உயர உதைத்த பந்து. காற்று அதை வாங்கி, நிறுத்தி, வேறிடத்தில் இறக்கியது. மெலே ஓடிவந்தாள். எங்கள் தற்காப்புப் பெண் பின்பக்கமாகவே ஓடிவந்தாள். மெலே வருவது அவளுக்குத் தெரியாது. மெலேயின் வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“என்ர.”

நான் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. மெல்லிய குரல்தான். நுனியில் கீறல் விழுந்திருந்தது. ஆனால் காற்றைத் துளைத்துக்கொண்டு வந்தது. தற்காப்புப் பெண் குனிந்து விலகினாள். பந்து மெலேயின் இரண்டு கைக்குள் சத்தத்தோடு விழுந்தது.

விசில்.

ஜோ என் முழங்கையைப் பிடித்தார். வெளியே நிற்பவள் கத்தி ஆட்டத்தில் தலையிட்டால் தண்டனை உண்டு. நடுவர் நீளக் கால்களோடு கோலுக்குப் பின்னால் போனார். நான் கரையோரமாக ஓடினேன்.

“நீ. கோலுக்குப் பின்னால் நிற்கிறவள். என்ன கத்தினாய்?”

தாரணி நனைந்த முகத்தைக் கையுறையால் துடைத்தாள்.

“அவளுடைய பெயர், சேர்.”

நடுவர் மெலேயைப் பார்த்தார். மெலே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“என்ராவை எனக்குத் தெரியும்” என்றார் அவர். “உற்சாகப்படுத்து, பரவாயில்லை. காதுக்குள் கத்தாதே.”

அந்தப் பாதியில் தாரணி இன்னும் நாலு தடவை கத்தினாள். நாலு பந்தும் மெலேயின் கையில். ஒன்றுக்கு ஒன்றுமில்லை என்று வென்றோம்.

மெலேயின் குரல் மறுவாரம் திரும்பி வந்தது. இறுதி ஆட்டத்தில் அவள்தான் நின்றாள். நன்றாகவே நின்றாள். தோற்றோம். தாரணி அந்தக் கல்லூரிக்காக மறுபடி கோலுக்குள் நிற்கவேயில்லை.

கார் நிறுத்துமிடம்

ஆனால் நான் முடிக்க வேண்டியது அந்த சனிக்கிழமையில்.

வசந்தி காரின் பின்கதவை மேலே தூக்கி, அதன் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாரணியின் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நான் திரும்பும்போதுதான் பேசினாள்.

“அண்ணை, அவள் கத்தினது தமிழ்தானே?”

“ஓம்.”

“இஞ்சையிருந்தே எனக்குக் கேட்டது. வீட்டில ‘தண்ணி’ எண்டு ஒரு சொல்லு வராது.” பிளாஸ்க் மூடியைத் திருகினாள். திருகியதை மறுபடி திறந்தாள். “ஆனா பந்து அந்தப் பிள்ளையின்ரயெல்லோ? இவள் ஏன் தன்ர எண்டவள்?”

காரின் திறந்த பின்பக்க விளிம்பில் தாரணி உட்கார்ந்து கையுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மழை மட்டும்.

“பிள்ளை” என்றேன். “மெலேக்குக் குரலில்லை எண்டு ஜோவிட்ட ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தா நீதானே நிண்டிருப்பாய்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நீங்களும்தான் பார்த்தீர்கள், அங்கிள். நீங்களும் சொல்லவில்லையே.”

தன்னோடு என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஜெகனை அவளுக்குத் தெரியாது. இல்லை பிள்ளை, நான் சொல்லாமல் விட்டது மெலேக்காக இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மெலேயைப்போல வெறும் காற்றுத்தான் வந்தது.

வசந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளுக்கென்று வார்த்த கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

“பிடியுங்கோ அண்ணை” என்றாள். “சுடுது.”

இரண்டு கையாலும் பிடித்தேன்.